குடைக் கம்பியில் நிற்கிற மப்ளர்

டிரங்குப் பெட்டியில் அம்மாவின் கல்யாணச் சேலைக்கு அடியில் ஒரு மப்ளர் இருக்கிறதே, அதில் ஏன் இன்னும் குடைக் கம்பியைக் குத்தி வைத்திருக்கிறீர்கள் என்று சின்னவள் கேட்டாள். பாதி கருத்தும் பாதி சிவந்தும் இருக்கிறதே, ரெண்டு நூலா என்று பெரியவன் கேட்டான். அம்மாவிடம் கேட்டதற்கு, "உங்கப்பாட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நூல் ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அம்மாவுக்குக் கையில் நூல் இல்லாமல் உட்காரத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் குரோஷா ஊசிப் பின்னல் கற்றுக்கொண்டு வந்தவள். நம் வீட்டுக்கு வந்த புதிதில், தண்ணீர்ச் சொம்பை மூட ஓரத்தில் பாசிமணி கோத்த ஒரு வலை பின்னினாள். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு. பிறகு தலையணை உறைக்கு ஓரம், வாசல் நிலைக்குக் கிளி போட்ட தோரணம். வீட்டில் என் அக்காவும், அதுதான் உங்கள் பெரிய அத்தை, எங்களோடு இருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏ புள்ள, சொம்புக்குச் சட்டை போட்டாச்சு. கண்ணாடிக்குப் பாவாடை கட்டியாச்சு. அம்மி ஒண்ணுதான் இன்னும் அம்மணமாக் கெடக்கு."

"அதுக்கும் அளவு எடுத்துட்டேன் மதினி" என்பாள் உங்கள் அம்மா, தலை நிமிராமல்.

அதெல்லாம் பருத்தி நூல். அவள் மனசு இருந்தது உல்லன் நூலில். மதுரைக்கு ரயிலில் யார் போனாலும் அவர்களிடம் சொல்லிவிட்டு, ஒரு உருண்டை ரெண்டு உருண்டையாக வாங்கிச் சேர்ப்பாள். கடையில் பின்னல் ஊசி கிடைக்கவில்லை. ஒரு பழைய குடையைப் பிரித்து, கம்பியை முறித்து, நுனியை அம்மிக் கல்லில் உரசி அவளே ஊசி செய்துகொண்டாள். உல்லனை வைத்துக்கொண்டு நம் போடியில் என்ன செய்ய முடியும்? சித்திரை வெயிலில் நூல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஈரத் துண்டை வைத்துக்கொண்டு, கையைத் துடைத்துத் துடைத்துப் பின்னுவாள். அப்படிப் பின்னித் தனக்கென்று ஒரு ஸ்வெட்டரை முடித்தாள். அதைப் போட்டுக்கொள்ள அவளுக்குக் கிடைத்த காலம் மார்கழி விடியற்காலை மட்டும்தான். ஸ்வெட்டரோடு கோலம் போடுவாள். வெயில் ஏறுவதற்குள் கழற்றிவிடுவாள். எதிர்வீட்டு ஆத்தா, "என்னத்தா, காச்சலா?" என்று தினமும் கேட்பாள்.

நான் அப்போது குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோர்தான் என் இடம். பச்சைக் காயை அறையில் பரப்பி, வெளியில் விறகு எரித்து, தகரக் குழாய் வழியாகச் சூட்டை உள்ளே அனுப்பிக் காய வைப்பார்கள். தீ கூடினால் காய் வெளுக்கும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். அதனால் நான் அங்கேயே கிடக்க வேண்டும். மாதம் ஒரு தடவை லோடு இறங்கும்போது நானும் போடிக்கு இறங்குவேன். வந்ததும் உங்கள் அம்மா கேட்கும் முதல் கேள்வி, சாப்பிட்டீங்களா என்பது இல்லை.

"அங்க இப்பக் குளிருதா?"

"குளிருது."

"எப்பிடி?"

எப்படிச் சொல்வது. "வாயத் தொறந்தாப் பொக வரும்" என்றேன் ஒரு தடவை.

"ஒங்களுக்கு மட்டும் வருமா, எல்லாருக்கும் வருமா?"

இதைக் கேட்டுக்கொண்டே மேற்கே மலையைப் பார்ப்பாள். போடியில் எந்தச் சந்தில் நின்றாலும் மலை தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கலாம், போக முடியாது. தோட்டத்தில் எனக்கு வீடு இல்லை. ஸ்டோர் ஓரத்தில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அவ்வளவுதான். குடும்பத்தைக் கூட்டி வரலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "அடுத்த வெள்ளாமைக்கு ஒரு தகர ரூம் போட்டுத் தர்றேன். அப்பக் கூட்டிக்க" என்றார். அந்த வெள்ளாமை வந்தது. மறுபடியும் அதையே சொன்னார். எங்கள் ரெண்டு பேருக்கும் அப்போது வேறு ஆசை எதுவும் இல்லை. ஒரு தகர அறை வேண்டும். அதில் சேர்ந்து இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு மார்கழியில் முதலாளி இரக்கப்பட்டு, "கொஞ்ச நாள் வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றார். குரங்கணி வரைக்கும் லாரி. நான் இறங்கிப் போய் அழைத்துக்கொண்டு நடந்தேன். காப்பித் தோட்டம் தாண்டி முதல் வளைவில் காற்று மாறியது. உங்கள் அம்மா பையை இறக்கி வைத்து, ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப வந்து சிரிக்கச் சொல்லுங்க ஒங்கக்காவ" என்றாள்.

சாயங்காலம் அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். புகை வந்தது. எனக்கும் வருகிறதா என்று பார்த்தாள். எனக்கும் வந்தது. பிறகு பையிலிருந்து மிளகாய்ப் பழ நிறத்து உல்லன் உருண்டையையும் குடைக் கம்பிகளையும் எடுத்து, எனக்கு மப்ளர் பின்ன உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கம்பி கையை விட்டு நழுவி விழுந்தது. குளிரில் விரல் மரத்துப் போயிருந்தது. போடியில் கை வேர்த்துப் பின்ன முடியவில்லை. இங்கே விறைத்துப் பின்ன முடியவில்லை. என்னைப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

அவளை ஸ்டோரின் பின்பக்கம் கூட்டிப் போனேன். காய வைக்கும் அறையின் சுவர் அது. உள்ளே சூடு இருப்பதால் வெளியே கை வைத்தால் கதகதவென்று இருக்கும். அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்ததும் அவள் விரல் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் இடம் அந்தச் சுவர்தான். நான் தீயைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவேன். அவள் பின்னிக்கொண்டே, வராத தகர அறையைக் கட்டிக்கொண்டிருப்பாள். அடுப்பு எங்கே, தண்ணீர்ப் பானை எங்கே, நூல் கூடை தொங்கவிட ஆணி எங்கே என்று.

"முதலாளிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ரூம இந்தச் சொவத்த ஒட்டிப் போடச் சொல்லுங்க. மத்த மூணு சொவரு எப்பிடி இருந்தாலும் எனக்குச் சரி."

மப்ளர் ஒரு முழம் வளர்ந்திருக்கும். ஒரு காலையில் காய்ந்த ஏலக்காயை வெளியில் அள்ளிக் கொட்டினோம். அந்த மணம் அவளுக்கு உயிர். அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வாந்தி எடுத்தாள். மறுநாளும் அப்படியே. காய் எடுக்க ராசிங்காபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன அண்ணே, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறீங்க? ஏலக்கா வாட வெரட்டுச்சுன்னா அது ஏலக்கா குத்தம் இல்ல. மதினிய வெரசாக் கீழ எறக்கிவிடுங்க. நாள் போனா தூளி கட்டித்தான் தூக்கணும்."

பெரியவனே, அது நீதான்.

உங்கள் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சுவரை விட்டு எழுந்திருக்க மனசில்லை. அன்றைக்குப் போகும் லோடோடு போக வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் மப்ளரைச் சுருட்டிப் பையில் வைக்கப் போனேன். அவள் தடுத்தாள்.

பின்னல் என்பது ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுப்பதுதான். கடைசி வரிசைக் கண்ணிகளைக் கம்பிதான் தாங்கி நிற்கும். ஒரு கண்ணி கம்பியை விட்டு நழுவினால் அடி வரைக்கும் பிரிந்துகொண்டே போகும். அதனால் அவள் பரப்பியிருந்த காயில் பச்சையாக நாலைப் பொறுக்கி, ரெண்டு கம்பியிலும் முனைக்கு ஒன்றாகக் குத்தி அடைத்தாள். "காஞ்சா இறுகிப் பிடிச்சுக்கிரும்" என்றாள். மப்ளரைக் கம்பியோடு என் பலகைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டாள்.

"கண்ணி நழுவாமப் பாத்துக்கங்க. நான் வந்துதான் முடிப்பேன்."

மீதி நூல் உருண்டையும் அதோடு தொங்கியது. அவள் ஸ்வெட்டரோடு இறங்கிப் போனாள். வளைவில் திரும்பும் வரைக்கும் அந்த ஸ்வெட்டர் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த மப்ளருக்குக் காவல்காரன். தோட்டத்தில் சமையலுக்கு மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். புகைக்குழாய் அடைத்துக்கொண்ட ஒரு நாள், ஆணியைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டார்.

"பிள்ளே, ஈ கம்பி ஒண்ணு தா. குழல் அடஞ்சு போச்சு."

"சேட்டா, அதத் தொடாதீங்க."

"எந்தா, இது மாரியம்மன் சூலமாணோ?"

"அதுக்கும் மேல."

அன்றிலிருந்து காலையில் காப்பி கொண்டுவரும்போதெல்லாம் அந்த மனிதர் மப்ளரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "பூஜை கழிஞ்ஞோ, முடிஞ்சோ?" என்று என்னைக் கேட்பார். நானும் சிரிப்பேன். அவர் போன பிறகு எழுந்து, முனையில் ஏலக்காய் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். மழை பிடித்து நாள் கணக்கில் மலை மூடிக்கிடக்கும்போது, அந்தத் தொங்கும் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கழுத்தில் சுற்றிக்கொள்ள ஆசை வரும். சுற்றினால் கண்ணி போய்விடும். எனக்காகப் பின்னிய மப்ளர் எதிரில் தொங்கும், நான் துண்டைச் சுற்றிக்கொண்டு குளிரில் கிடப்பேன். ஸ்டோர்ப் புகை கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஏறியது. சிவப்பு கருத்தது.

பெரியவனே, நீ பிறந்தாய். அடுத்த வெள்ளாமையில், நம்பினால் நம்புங்கள், முதலாளி தகர அறையைப் போட்டுவிட்டார். அவள் கேட்ட அதே சுவரை ஒட்டி. நான் சுண்ணாம்பு அடித்தேன். அந்தச் சுவரிலேயே நூல் கூடைக்கு ஆணி அடித்தேன். போடிக்கு இறங்கிப் போய்ச் சொன்னேன். அவள் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அந்த வாரம்தான் உனக்கு முதல் தடவை இளைப்பு வந்தது. நெஞ்சு கூடு கட்டி மூச்சு வாங்கினாய். போடி டாக்டர், "இந்தப் பிள்ளைக்கு மலைக் குளிர் ஆகாது. வளரட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

எடுத்து வைத்த துணியை அவள் மறுபடி பெட்டியில் வைத்தாள். "அடுத்த வெள்ளாமைக்குப் போகலாம்" என்றாள். இத்தனை நாள் முதலாளி சொன்னதை இப்போது நாங்களே சொல்ல ஆரம்பித்தோம்.

அறை இருந்தது. நான் தனியாக இருந்தேன். நூல் கூடைக்கு அடித்த ஆணியில் மப்ளரை மாட்டினேன். அடுத்த வெள்ளாமையும் போனது. மாதம் ஒரு தடவை இறங்கும்போது நீ என்னைக் கண்டு அழுதாய். வேற்றாள் என்று அத்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். அது என்னால் தாங்க முடியவில்லை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. மலையை விட்டுவிட்டேன்.

பெட்டியைத் தலைச்சுமையில் அனுப்பிவிட்டு, மப்ளரை மட்டும் ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினேன். அமுக்கினால் கம்பி உருவிக்கொள்ளும். லாரியில் பக்கத்தில் இருந்தவர் கூட, "என்னண்ணே, கோயில் சாமானா?" என்று கேட்டார். ஒரு கண்ணிகூட நழுவாமல் கொண்டுவந்து உங்கள் அம்மா மடியில் வைத்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை.

"இத ஏன் கொண்டாந்தீங்க?"

"நீ பத்திரமாப் பாத்துக்கச் சொன்னியே."

"அங்க பத்திரமாப் பாத்துக்கத்தான சொன்னேன். அது அந்தச் சொவத்துல தொங்குறவரைக்கும் எனக்கு அங்க ஒரு சோலி இருந்துச்சு. இப்ப என்ன இருக்கு?"

அதை எடுத்து, கண்ணி நழுவாமல் பெட்டியில் வைத்தது அக்காதான்.

மப்ளர் வெகுகாலம் பெட்டியில் கிடந்தது. சின்னவள் பிறந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் உங்கள் அம்மா தானாகவே எடுத்தாள். விட்ட கண்ணியிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். மலையில் புகை குடித்த பாதி கருத்திருந்தது. உருண்டைக்குள் இருந்த நூலுக்குப் புகை எட்டவில்லை போல. போடியில் பின்னிய பாதி வாங்கின நாள் மாதிரியே சிவப்பாக வந்தது. நடுவில் கோடு கிழித்த மாதிரி தெரிகிறதே, அதுதான் பெரியவனே நீ கேட்டது. உனக்கு இப்போது இளைப்பு இல்லை, ஓடுகிறாய், கத்துகிறாய். இதில் உன் குற்றம் எதுவும் இல்லை. அதை நினைக்காதே.

கழுத்தை ரெண்டு சுற்று சுற்றும் நீளம் வந்தது. கடைசி வரிசையை மூடிவிட்டால் கம்பியை உருவிவிடலாம். அவள் மூடவில்லை. கடையிலிருந்து நான் கொண்டுவந்த ஏலக்காயை முனைகளில் குத்திக்கொண்டிருந்தாள்.

"முடிக்கலையா?" என்றேன்.

"அது அந்தச் சொவத்துல சாஞ்சு உக்காந்துதான்" என்றாள்.

அந்தத் தோட்டம் கைமாறிவிட்டது. ஸ்டோர் இருக்கிறதோ, இடித்துவிட்டார்களோ, தெரியாது. கடைக்கு வரும் மலையாட்களிடம் கேட்கலாம். நான் கேட்கவில்லை. அவளும் கேட்கச் சொல்லவில்லை. மார்கழியில் மலைக்காற்று இறங்கும் காலைகளில் அவள் பெட்டியைத் திறப்பாள். கருத்த பாதியை மூக்கில் வைத்துப் பார்ப்பாள். பிறகு மடித்து வைத்துவிட்டு உங்களை எழுப்ப வருவாள்.

அதனால் பிள்ளைகளா, பெட்டியைக் குடையும்போது அந்தக் கம்பியை இழுக்காதீர்கள். மப்ளரைத் துவைக்கப் போடாதீர்கள். முனையில் ஏலக்காய் உதிர்ந்திருந்தால் அடுக்களை டப்பாவில் இருந்து ஒன்று எடுத்துக் குத்திவிடுங்கள். தப்பித் தவறி ஒரு கண்ணி நழுவிவிட்டால் நீங்களாக எடுத்துப் போடப் பார்க்க வேண்டாம். அப்படியே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுங்கள்.