காரணக் கட்டம்

டி.சி. எழுதும் வேலை ஒரு விசித்திரமான வேலை: பையன் நம் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பான், அவன் போய்விட்டான் என்று நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்.

எழுபதுகளில் குவைத்தில், ஃபஹாஹீலில் இருந்த ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்தில் நான் கிளார்க். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்த ஒரே குற்றத்துக்காக, இந்தியப் பள்ளிகளின் ஃபுட்பால் கமிட்டிக்கும் என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எந்தப் பையன் ஆடலாம், எவன் ஆடக்கூடாது என்று ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான். ரிஜிஸ்டரோடு குடித்தனம் நடத்தித் தேய்ந்துபோன சக கிளார்க்குகளே, இது உங்களுக்குத்தான் புரியும். மற்றவர்கள் நான் கதை விடுவதாகச் சொல்வார்கள்.

இரண்டு இடத்தில் ஆஜர்

முதல் வருஷம் விதி என்று எதுவும் கிடையாது. ஒரு பள்ளியில் நல்ல ஃபார்வர்டு இருந்தால், வீட்டு வாசலுக்கே வேன் அனுப்புகிறோம் என்று சொல்லி இன்னொரு பள்ளி அவனை இழுத்துவிடும். இந்த இழுபறியில் ஒரு பையனின் பெயர் ஒரு மாதம் முழுக்க இரண்டு பள்ளி ரிஜிஸ்டரிலும் இருந்தது. போதாக்குறைக்கு, ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே நேரத்தில், நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தள்ளி நடந்த இரண்டு மேட்சிலும் அவன் ஆடியதாக ரெஃபரிகளின் ஷீட் வந்தது.

ஒரு ஷீட் பொய் என்று நானும் சிரித்தேன். ஆனால் இரண்டு ரெஃபரிகளும் அவனைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். இடது முட்டியில் கட்டுப் போட்டிருந்தான் என்று இரண்டு பேருமே சொன்னார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பி.டி. மாஸ்டர் ஆறுமுகத்தைக் கேட்டேன். மதுரைக்காரர், எதற்கும் அசரமாட்டார்.

"நம்ம கிரவுண்டுல நின்னவன் நல்லாத்தேன் ஆடுனான் சார், பெறகென்ன?"

நான் எழுதிய சொல்

அதற்குப் பிறகுதான் விதிகள் வந்தன, அதில் மூன்றாவது இது. பள்ளி மாறி வந்தவன் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். அப்பாவுக்கு வேலை மாற்றல் என்றால் மட்டும் விலக்கு. நல்ல விதி என்று நானே மெச்சிக்கொண்டு, எல்லாப் பள்ளிக்கும் நகல் அனுப்ப ஸ்டென்சில் வெட்டினேன்.

அந்த வருஷம் நவம்பரில் ஒரு அம்மாள் தன் மகன் சேகரைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்துவந்தாள். சுப்பையா என்ற ஃபோர்மேனின் மனைவி, திருநெல்வேலிப் பக்கம். கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் அவருக்கு மாதக்கணக்கில் டியூட்டி. ஆகஸ்டில் அவரையும் மற்ற ஆட்களையும் ஏற்றிப்போன படகு கரைக்கு வரவில்லை. கம்பெனி குவார்ட்டர்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டதால், குவைத் சிட்டியிலிருந்து இங்கே அவளுடைய அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மார்ச் வரை விசா, பிறகு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ரிஜிஸ்டரில் 'பள்ளி மாறும் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. "கடலுக்குப் போனவுக திரும்பி வரல சார்" என்றாள். நான் 'தந்தை காலமானார்' என்று மணிமணியான கையெழுத்தில் எழுதினேன். அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பையன் இடது ஓரத்தில், லெஃப்ட் அவுட்டில் ஆடினால் மைதானமே சாயும். ஆனால் சாவு மாற்றல் ஆகாதே! விதிப்படி ஒரு வருஷம் உட்கார வேண்டும், அவனுக்கு இருந்ததோ நாலே மாதம். கமிட்டித் தலைவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். சென்னைக்காரர், எஞ்சினியர், விதியைத் தலைகீழாக ஒப்பிப்பார்.

"ஒருத்தனுக்கு விட்டா, நாளைக்கு எல்லாப் பசங்களும் அப்பா இல்லேன்னு லெட்டர் எடுத்துண்டு வருவா, பரவாயில்லையா?"

முழங்காலில் தூசி

உட்காரும் பையன்களுக்கென்று கோட்டுக்கு வெளியே ஒரு மரப் பெஞ்ச் இருந்தது. அந்த வருஷம் அதில் சேகர் ஒருவன்தான். ஒவ்வொரு மேட்சுக்கும் பூட்ஸ் கட்டிக்கொண்டு வந்து உட்காருவான். கையைத் தொடைமேல் வைத்தபடி, பந்தைப் பார்க்காமல், மைதானத்துக்கு அப்பால் கடல் இருக்கும் பக்கமே பார்ப்பான்.

ஜனவரியில் ஒரு மேட்ச் நடுவே தூசிக் காற்று வந்தது. வெயில் செம்மண் நிறமாகி, எதிரில் நிற்பவன் வெறும் நிழலாகத் தெரிந்தான். ரெஃபரி விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்னார். நான் செயலாளர் ஆயிற்றே, எண்ணினேன். எங்கள் பக்கம் பன்னிரண்டு பேர். மறுபடி எண்ணினேன், பன்னிரண்டுதான். லெஃப்ட் அவுட் இடத்தில் இரண்டு உருவம் நின்றது. பொறுக்கமாட்டாமல் சேகர் இறங்கிவிட்டான் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

காற்று அடங்கியதும் பார்த்தால் பதினோரு பேர்தான். பெஞ்சுக்கு ஓடினேன். சேகர் வைத்த கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். தலையில், கை விரல்களில், முழங்காலில் எல்லாம் மாவு சலித்த மாதிரி தூசி, ஒரு இடத்திலும் கலையவில்லை. அவன் அசைந்திருக்கவே முடியாது. அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்களும் பன்னெண்டா எண்ணுனீங்க சார்?"

பிஸ்கட் டின்

மறுவாரம் ஒரு காலையில் சேகரின் அம்மா ஆபீசுக்கு வந்தாள். ரிஜிஸ்டரில் நான் எழுதியதை அன்றுதான் பையன் சொல்லித் தெரிந்துகொண்டாளாம். "காலமானாகன்னு நான் சொல்லலியே சார், வரலன்னுதான சொன்னேன்?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தாள். கடலில் டியூட்டி பார்ப்பவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, வேறு எதற்கென்றாலும் இருக்கட்டும் என்று வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார்கள். சுப்பையா இன்னும் கெட்டிக்காரர், தான் கடலில் இருக்கப்போகும் வாரங்களாகப் பார்த்துத் தேதியும் போட்டு வைப்பாராம். டின்னில் மிச்சமிருந்தது ஒரே தாள். மேலே வெறுமை, அடியில் 'ரா. சுப்பையா', அதன் கீழே ஒரு தேதி.

அது அடுத்து வரும் வியாழக்கிழமையின் தேதி. கமிட்டி அன்றைக்குத்தான் கூடுகிறது. கூட்டத்துக்கு நாள் குறித்துத் தலைவர் எனக்கு ஃபோன் செய்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நான் இன்னும் யாரிடமும் சொல்லவும் இல்லை. தாளை டைப்ரைட்டரில் ஏற்றினேன். என்ன அடிக்கட்டும் என்று கேட்டேன். அவள் டின்னை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அவுகளுக்கு மாத்தல்னு அடிங்க சார், அதான நெசம்?"

சிவப்பு மை

'என் வேலை மாற்றல் காரணமாகக் குடும்பம் ஃபஹாஹீலுக்கு வந்துள்ளது. என் மகனை ஆட அனுமதிக்கவும்.' அளந்து வைத்த மாதிரி கடைசி வரி கையெழுத்துக்கு மேலே வந்து நின்றது. வேலை போய்விடும், போனால் போகட்டும் என்று வியாழக்கிழமை அதைத் தலைவர் முன்னால் வைத்தேன்.

அவர் படித்தார். பழைய பள்ளி ஃபைலிலிருந்த சுப்பையாவின் கையெழுத்தோடு சுழி சுழியாக ஒப்பிட்டார். தேதியைப் பார்த்தார், சுவர்க் காலண்டரைப் பார்த்தார். ரிஜிஸ்டரைத் திறந்து 'காலமானார்' என்ற சொல்லில் விரலை வைத்தார், வைத்த விரலை எடுக்கவே இல்லை. பொய் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கிழித்துப் போட்டிருக்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போய் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார்.

"லெட்டர் ரூல்படி சரியா இருக்கு, ரிஜிஸ்டர்தான் தப்பு, இப்பவே என் எதிர்ல சிவப்பு மையால அடிச்சுத் திருத்துங்கோ."

பெஞ்ச்

சேகர் ஆடினான். அந்த சீசனின் கடைசி மேட்ச், அவனுக்கு அதுதான் முதலும் முடிவும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், லேசாகத் தூசி பறந்துகொண்டிருந்தது. இடது ஓரமாக அவன் பந்தைக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு ஆறுமுகம் மாஸ்டர் அழுதேவிட்டார். இரண்டு கோல். ஜெயித்ததும் மற்ற பையன்கள் அம்மா அப்பாவிடம் ஓடினார்கள். சேகர் நேராகக் காலி பெஞ்சுக்கு ஓடினான். அங்கே சற்று நேரம் நின்றான், குனிந்து பூட்ஸைக் கழற்றி வைத்தான், வெறுங்காலோடு அம்மாவிடம் போனான்.

எல்லோரும் போன பிறகு அந்தப் பூட்ஸை எடுக்கப் போனேன். பெஞ்ச் முழுக்கத் தூசி படிந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பலகை சுத்தமாக இருந்தது. அன்று மேட்ச் முழுவதும் அந்தப் பெஞ்சில் யாரையும் நான் பார்க்கவில்லை, உட்கார வேண்டிய பையனும் வேறு கிடையாது. மைதானக் காவலாளி பலூச்சிக் கிழவர் குல் முகம்மது கொடிக் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். சுப்பையாவைப் பற்றியோ கடிதத்தைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியாது. பெஞ்சைப் பார்த்துவிட்டு, சாதாரணமாக, தன் இந்தியில் கேட்டார்.

"லட்கே கா பாப் சலா கயா, பாபுஜி?" பையனோட அப்பா கிளம்பிட்டாரா?

அதற்கப்புறம் எத்தனையோ பையன்களுக்கு எழுதிவிட்டேன், ஆனால் காரணக் கட்டத்தை மட்டும் இன்றுவரை பென்சிலால்தான் நிரப்புகிறேன்.