பட்டியின் பின்பக்கம்

பழைய காரின் குரோமியப் பட்டிகளுக்குக் கறுப்பு அடித்துத் தரச் சொல்லி வந்தார் குன்னூர்க்காரர் ஒருவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கதவுக்கு ஒன்றாகக் குறுக்கே நீளமாக ஓடும் நான்கு பட்டிகள். முலாம் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தது.

மலைமேலுள்ள காந்தலில் என் பெயிண்ட் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. ஒருவர் சொல்லித்தான் இன்னொருவர் வருவார். அதிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்.

காரைப் பட்டறையில் விட்டுப்போனவர் தினமும் காலை பஸ்ஸில் வந்து, ஸ்டூலைப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். நான் கழற்றி வைத்த பட்டிகளை போனில் படமெடுத்தார், எண்ணினார். நான் நிமிர்ந்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டார். சொந்தக் காருக்கு இத்தனை காவலா? கார் இவருடையதுதானா என்றுகூட எனக்குத் தோன்றியது. கேட்க வாய் வரவில்லை. புது ஆட்களிடம் நான் ‘சரிங்க’ என்பதைத் தாண்டிப் பேசியதில்லை.

டீ கொண்டுவந்த பக்கத்துக் கடைக்காரர் என் காதோரம் சொன்னார்: “என்னங்க, பொண்ணு குடுத்த மாமனாராட்டம் உக்காந்திருக்காரு?”

குரோமியத்தின் மேல் பெயிண்ட் நிற்காது. பளபளப்பு சாகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பிரைமர் அடிக்க வேண்டும். கீழ்நாட்டில் முன்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். இங்கே மூடுபனி பட்டிக்கும் கதவுக்கும் நடுவே புகுந்து பின்னாலிருந்து துருவை ஏற்றும். அதனால் நான் பின்பக்கமும் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பேன். அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பின்பக்கங்களைத் தேய்த்தேன். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. அவையும் போயின.

பெயிண்ட் காய்ந்த அன்று அவர் ஒரு பட்டியை எடுத்துத் திருப்பினார். முகம் மாறியது. மற்ற மூன்றையும் திருப்பினார்.

“ஏப்பா, ஆணியில மூணு மூணு கோடு போட்டு வெச்சிருந்தேன். எங்க?”

“தேச்சுட்டேனுங்க.”

“பின்னால எதுக்குத் தேய்க்கற? யாரு பாக்கப் போறா?”

“துருங்க...”

“துருவா! கோயமுத்தூர்ல பம்பரை முலாம் பூசக் குடுத்தேன், வேற பம்பர் வந்துச்சு. அவனும் இப்படித்தான் ஏதோ சொன்னான். என் பட்டி எங்கப்பா?”

கடைக்காரர் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். மாலைக்குள் காந்தல் முழுக்கத் தெரியும். குன்னூருக்கும் போகும். பேசினால் திக்கும் என்று தெரிந்ததால் ஒரு முன்கதவுப் பட்டியை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன்.

பட்டி இருந்த இடத்தில் மட்டும் காரின் நீலம் வெளுக்காமல் கோடாக நின்றது. முன்கதவில் அந்தக் கோடு ஓரிடத்தில் தீக்குச்சி அகலம் மேலே எழும்பி இறங்கியது. எப்போதோ இடித்து வளைந்த பட்டி. நிமிர்த்தினால் முலாம் விண்டுபோய்ப் பெயிண்ட் உரியும் என்று நான் நிமிர்த்தாமல் விட்டிருந்தேன். பட்டியை வைத்து அழுத்தினேன். வளைவு வளைவில் உட்கார்ந்தது. மற்ற மூன்றையும் அதனதன் கோட்டில் வைத்துக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். விரலால் கோட்டோரம் தடவிப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

“ஆணி இருக்கா?”

கொடுத்தேன். நான்கு பட்டிகளையும் சாக்கின் மேல் கவிழ்த்துப்போட்டு, என் புதுக் கறுப்பின் மேல் மறுபடியும் மூன்று மூன்று கோடுகளைக் கீறினார். உள்ளிருந்த இரும்பு தெரிந்தது.

“அங்கதாங்க துரு ஏறும்” என்றேன்.

“ஏறட்டும். என்னோடதுன்னாச்சும் தெரியும்ல.”

பட்டிகளை நான் மாட்டி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.