குண்டு விற்க மறுத்த மாதம்

வேட்டைச் சாமான் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: துப்பாக்கியை மணிக்கணக்காகத் தடவிப் பார்க்கிற மனிதர், அதற்குள் போடுகிற குண்டை அரை நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

எழுபதுகளின் நடுவில், கிளேட்டன் பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிகம் படித்து முடித்த கையோடு அப்படி ஒரு கடையில் சேர்ந்தேன். முதலாளி ரொன் ஒரு மாதத் தவணை தந்தார். அதற்குள் ஒரு வாடிக்கையாளராவது அவரை விட்டு என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. எனக்கோ வாய் திறக்கவே கூச்சம்.

கூர்மூக்கு

ரோவில் என்ற ஊர்ப் பண்ணைக்காரர் பில், முயலுக்கென்று கூர்மூக்குக் குண்டை எடுத்தார். "உருண்டைத் தலைக் குண்டுதான் பெரும்பாலும் நேராகப் போகும்" என்று முணுமுணுத்தேன். அவர் என் தலைக்கு மேலால் ரொனைப் பார்த்துவிட்டுக் கூர்மூக்கையே வாங்கினார்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். குண்டு முயலின் பின்னங்காலில் பட்டிருந்தது.

"அது பொந்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது, மிஸ். அதற்குச் சாவும் இல்லை, எனக்கு நித்திரையும் இல்லை."

ஐந்து ஓட்டை

அவருடைய காற்றுத் துப்பாக்கியோடு கடையின் பின்கொட்டகைக்குப் போனோம். இருபது யார் தூரத்தில் குறிக்கு ஒரு கடதாசி. மூன்று வகைக் குண்டு, வகைக்கு ஐந்து வெடி. கூர்மூக்கு ஒரு தேநீர்த் தட்டளவுக்குச் சிதறியது. உருண்டைத் தலையிலும் ஒரு தகரப் பேணிக் குண்டு சரிவரவில்லை. மற்றப் பேணியின் ஐந்து ஓட்டைகளும் ஒரு பத்துச் சதக் காசுக்குள் மறைந்தன. எந்தத் துப்பாக்கிக்கு எது பிடிக்கும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறியலாம்.

"முயல் உடனே சாகிற இடம் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இந்தக் காசளவுதான். ஐந்தும் இதற்குள் விழுகிற தூரம்தான் உங்கள் தூரம். அதற்கு மேல் ஒரு அடி என்றாலும் சுடாதீர்கள்" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று தெரிந்தது.

வாசலில் நின்ற ரொன் சொன்னார்: "இந்தப் பெண்ணுக்குக் குரல் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! ஆனால் பில் இன்னும் என்னைத்தான் கேட்டு வருகிறான்."

செல்வம் அங்கிள்

மூன்றாம் கிழமை, யாழ்ப்பாணத்து எஞ்சினியர் செல்வம் அங்கிள் வந்தார். வீட்டுக் கீரைப் பாத்தியை முயல் மேய்கிறதாம்.

"பிள்ளை, நல்ல பாரமான குண்டாத் தாரும். ஓடுற முயலும் விழவேணும்."

"ஓடுற முயலுக்குச் சுடக்கூடாது, அங்கிள். முதல்ல கடதாசிக்குச் சுட்டுக் காட்டுங்கோ."

துப்பாக்கியை இறுக்கி நெரித்துப் பிடித்தார். எந்தக் குண்டைப் போட்டாலும், பதினைந்து யார் தூரத்திலேயே ஓட்டைகள் ஊர் சுற்றின. தளர்த்திப் பிடித்துப் பழகச் சொல்லி, கடதாசிக் கட்டு ஒன்றையும், கடதாசிக்கு மட்டும் என்று ஒரு பேணிக் குண்டையும் கொடுத்தேன். ஐந்து ஓட்டையும் காசுக்குள் விழும்வரை முயலுக்குக் குண்டு தரமாட்டேன் என்றேன். தவணை முடிய ஒன்பது நாள் இருந்தது.

"மனிசி முயல் கறிக்குத் தூள் வறுத்து வைச்சிருக்கிறா, பிள்ளை. நான் கடதாசியையோ கொண்டுபோய்க் குடுக்கிறது?"

கடைசிச் சனிக்கிழமை

மதியம் வரை என்னை யாரும் கேட்கவில்லை. கடை பூட்ட அரை மணி இருக்கையில் அங்கிள் ஓட்டை விழுந்த கடதாசிகளோடு வந்தார். அவற்றை வாங்கிப் பார்க்க ரொன் கை நீட்டினார். அங்கிள் கடதாசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்:

"மன்னிக்கவேண்டும், நீங்கள் கேட்டதும் தந்துவிடுவீர்கள்; அந்தப் பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்."

விற்க மறுத்ததற்காக வேலை நிரந்தரமான விற்பனைப் பெண் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால், தயவுசெய்து கை உயர்த்துங்கள்.