என் துப்பாக்கி மீது புகார் எழுதிய ராணி

சேதி வந்தபோது நான் குள்ளஞ்சாவடியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு கத்தரி நாற்று வாங்கிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ஜோசப் போனில் கூப்பிட்டான். "அண்ணே, ராணி போயிட்டாங்க" என்றான். ஆறு வருடமாக அவன் வாயிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கும் வாக்கியம் அது. ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவர் சுடப்பட்டு விழுந்தால் அப்படித்தான் சொல்வோம். உடனே கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான். யோசிக்காமல் அதையே கேட்டேன். "எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியில அண்ணே. விடியக்காலையில" என்றான். நாற்றுக்கட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். நாற்று விற்ற அம்மாள், "இன்னா தம்பி, வேணுமா வேணாமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் நெய்வேலி சுரங்கத்தின் கன்வேயர் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்த செல்வராணி மேடம். பதினெட்டாம் பிளாக்கில் இருப்பவர்களுக்கு சிவகுமார் சாருடைய மனைவி. மீதிப் பேருக்கு, என்னைப் போன்றவர்களுக்கு, அவர் கேப்டன். செல்போனில் நாலு நாலு பேராக அணி சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு எங்களுடையது. விமானத்திலிருந்து குதித்து, கிடைத்த வீட்டில் நுழைந்து, கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டும். முப்பத்தெட்டு வயதில் ராணி போய்விட்டார். எனக்கு அவரைவிட ஆறு வயது அதிகம். இருந்தும், அவர் நில் என்ற இடத்தில் நின்றேன், ஓடு என்றபோது ஓடினேன்.

முதலில் அவர் எனக்கு வெறும் குரல்தான். யார் எவர் என்று தெரியாத ஆட்களோடு கூட்டு சேர்ந்து ஆடிய ஒரு பிற்பகலில், அணியில் ஒரு பெண் இருந்தார். எங்களோடு இருந்த இன்னொருவன் அவர் குரலைக் கேட்டதுமே கிண்டலை ஆரம்பித்தான். "சமைக்கப் போகலியா?" என்றான். "உங்க இடது பக்கம் மரத்துக்குப் பின்னால ஒருத்தன் இருக்கான்" என்று மட்டும் சொன்னார். இருந்தான். கிண்டல் செய்தவன் பிழைத்தான். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவுக்குக் கேட்கும்படி ஷிப்ட் சங்கு ஊதியது. என் போன் வழியாக அது அவருக்கும் கேட்டிருக்கிறது. "அண்ணா, நீங்க நெய்வேலியா? எங்க வீட்டு ஜன்னல்லயும் இதே சங்குதான் ஊதுது" என்றார். சுட வேண்டியதை மறந்து சிரித்துவிட்டேன். செத்தும் போனேன்.

நான் வளையமாதேவிக்காரன். எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, அதே சுரங்கத்தில் கான்ட்ராக்டில் பெல்ட் பழுது பார்க்கும் வேலைக்கு வந்தேன். ராணியின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். ராணி பெர்மனென்ட், குவார்ட்டர்ஸ், ஏசி அறையில் திரைகள். நான் தலையில் ஹெல்மெட்டும் கையில் கிரீஸுமாக அந்தத் திரையில் ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் கிடப்பவன். வேலையிடத்தில் நாங்கள் பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லை. ஆட்டத்தில் யாரும் யாரையும் கான்ட்ராக்டா பெர்மனென்டா என்று கேட்பதில்லை. பேருந்து நிலையத்தருகே செல்போன் பழுது பார்க்கும் ஜோசப்பும் சேர்ந்தான். நாலாவது ஆள் மாறிக்கொண்டே இருப்பார். நாங்கள் மூவரும் நிலையானோம்.

அவர் ஆட்டத்தின் அழகு சுடுவதில் இல்லை. குறி பார்ப்பதில் எங்கள் மூவரில் அவர்தான் கடைசி. அதை அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் எதிரி அணி எந்தச் சுவரை நம்பி நிற்கிறது, வட்டம் சுருங்கினால் அவர்கள் எந்த வழியாக வந்தாக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்துவிடும். ஒருமுறை வயல்வெளியில் நான் சுடப்பட்டு விழுந்து கிடந்தேன்; கூட்டாளி வந்து தூக்கிவிட்டால் மறுபடி ஆடலாம். "புகைக்குண்டு போட்டுகினு வா ராணி, தூக்கிடலாம்" என்று கத்தினேன். ராணி வரவில்லை. ஜோசப்பையும் வரவிடவில்லை. இருவரும் என்னை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறினார்கள். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். எனக்குக் கோபம் ஆறவில்லை. "உங்களைத் தூக்க வந்திருந்தா மூணு பேரும் அந்த வயல்லயே கிடந்திருப்போம் அண்ணா. பாசத்தைக் காட்ட வேற இடம் இருக்கு" என்றார். மறுநாள் எனக்கென்று அவர் அனுப்பிய டிபன் கேரியரில் சொதியும் இஞ்சித் துவையலும் ஜோசப் கடைக்கு வந்தன. வேற இடம் அதுதான் போலிருக்கிறது.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத கதை. ஆனால் ராணியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அதை விட்டால் வேறொருவரைப் பற்றி எழுதியதாகிவிடும்.

ஆட்டத்தில் புதிதாக ஒரு துப்பாக்கி வந்தது. கிட்டத்தில் சுடுவதற்கான சிறிய துப்பாக்கி. அது என் கைக்குப் பாந்தமாக அமைந்துவிட்டது. அதை எடுத்த நாளிலிருந்து நான் வேறு மனிதன். ஒரே ஆளாக ஒரு அணி முழுவதையும் சாய்த்தேன். முகம் தெரியாதவர்கள் என்னோடு ஆட வேண்டும் என்று செய்தி அனுப்பினார்கள். வேலையிடத்தில் "ஏம்ப்பா, இங்க வா" என்று மட்டுமே அழைக்கப்படுகிறவனுக்கு அது எப்படிப்பட்ட போதை என்று சொன்னால்தான் புரியும். சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணி என்னைப் பயிற்சி மைதானத்துக்குக் கூப்பிட்டார். ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும், எதிரிகள் இல்லாத காலி இடம் அது. என்னை ஒரு கோட்டில் நிற்கச் சொல்லி, பத்தடி, முப்பதடி, அறுபதடி என்று தள்ளித் தள்ளி நின்று அந்தத் துப்பாக்கியால் என்னைச் சுட்டார். எத்தனை குண்டில் கவசம் உடைகிறது, சுடும்போது குழாய் எவ்வளவு மேலே தூக்குகிறது என்று ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். பிறகு அதே தூரங்களில் மற்றத் துப்பாக்கிகள். மதியச் சாப்பாட்டிலிருந்து விளக்கு வைக்கும்வரை நான் சுடுபட்டுக்கொண்டே நின்றேன். என் ஆட்டத்தை இன்னும் தீட்டத்தான் இத்தனை பாடு என்று நினைத்து மனம் குளிர்ந்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஜோசப் உளறிவிட்டான். ராணி அந்த விளையாட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். இந்தத் துப்பாக்கி தூரத்திலும் கிட்டத்திலும் ஒரே மாதிரி கொல்கிறது, மற்ற எல்லாத் துப்பாக்கியையும் வீணாக்கிவிட்டது, பலத்தைக் குறைக்க வேண்டும் என்று. அதற்கு ஆதாரமாக இணைத்திருந்தது, நான் ஒரே ஆளாக அணியைச் சாய்த்த அந்த ஆட்டத்தின் பதிவை.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே கேட்டேன். "என் ஆட்டத்த வெச்சே என் துப்பாக்கியப் புடுங்கறதுக்கு எழுதிக் குட்த்துகீற. கூடவே இருந்துகினு இப்பிடிச் செய்யலாமா?"

"உள்ள வாங்க அண்ணா."

"வர்ல. நான் நல்லா ஆடறது உனக்குப் புடிக்கலியா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்தத் துப்பாக்கியை யார் எடுத்தாலும் அப்படித்தான் ஆடுவாங்க அண்ணா. நான் எடுத்தாக்கூட. உங்க திறமை எது, அதோட திறமை எதுன்னு எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல."

அதற்குமேல் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. "ஏசியில குந்திகினு பேசறவங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அந்த வாக்கியத்தை இன்றும் திரும்பப் பெற முடியவில்லை.

அடுத்து வந்த மாற்றத்தில் அந்தத் துப்பாக்கியின் பலத்தைக் குறைத்துவிட்டார்கள். ராணியின் கடிதத்தாலா, பலரும் எழுதியதாலா, தெரியாது. நான் வேறு அணிகளில் ஆடினேன். முதல் சண்டையிலேயே விழுந்தேன். என்னை விரும்பி அழைத்தவர்கள் ஒரு மாதத்தில் காணாமல் போனார்கள். அப்போதும் ராணி சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எட்டு மாதம் பேசவில்லை.

அந்த எட்டு மாதத்துக்குள் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்தியிருந்தன. அது எனக்குத் தெரியாது. சார்ஜர் வாங்கப் போனவனிடம் ஜோசப்தான் சொன்னான். "வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் அண்ணே. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தாங்க. பாவம் பாத்து வரக் கூடாதாம்."

போனேன். அரசு விடுமுறை நாள், காலை நேரம். வரிசையாகப் படுக்கைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம். ராணி கழுத்துவரை போர்வையோடு படுத்திருந்தார். ஊசி குத்திய இடது கையை நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது. ஒரு கையால் ஆட முடியாது. அதனால் போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, ஜோசப் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே எங்கே போக வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை.

"வாங்க அண்ணா. இந்த ஜோசப் வலது பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டேங்கிறான். நீங்க இருந்தாத்தான் சரிப்படும்."

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஆட்டம் முடிந்ததும் அவரே சொன்னார். "அந்தக் கடிதம் எழுதினது தப்பில்லண்ணா. இப்பவும் எழுதுவேன். ஆனா உங்க வீடியோவை அனுப்பறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காதது தப்பு."

"நான் பேசினதும் தப்புதான் ராணி" என்றேன்.

"ஆமா" என்றார். "அந்த ஏசி போன வாரம் ரிப்பேரு." பக்கத்துப் படுக்கைப் பெரியவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தோம்.

அன்று முதல் மறுபடியும் அவருடைய குரலுக்கு ஆடினேன். புதிதாக எதையும் எனக்குக் கொடுத்துவிடவில்லை அவர். என்னிடம் ஏற்கெனவே இருந்ததைக் கண்டுபிடித்தார். "உங்களுக்குக் காது நல்லாயிருக்கு அண்ணா. காலடிச் சத்தத்தை எனக்கு முன்னாடி கேக்கறீங்க" என்றார் ஒருநாள். ஓடுகிற பெல்ட்டின் அடியில் படுத்து எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன் நான். இருபது வருட வேலையில் அதை யாரும் திறமை என்று சொன்னதில்லை.

கடந்த தை மாதம் கடலூரில் ஒரு கல்லூரியில் போட்டி நடந்தது. ராணிக்கு அன்று டயாலிசிஸ். படுக்கையிலிருந்தே போன் வழியாக எங்களை நடத்துவதாக ஏற்பாடு. அரையிறுதிவரை அப்படித்தான் ஆடினோம். இறுதிக்கு முன்னால் எதிரணியினர், வெளியாள் குரல் கூடாது என்றார்கள். நடத்துகிறவர்கள் தயங்கினார்கள். நோயாளி என்று சொல்லி நாங்கள் வாதாடத் தொடங்கினோம். ராணி தடுத்தார். "விதியில இருக்கா, இல்லையான்னு மட்டும் கேளுங்க. என் உடம்பைச் சொல்லிக் கேக்காதீங்க." வெளியாள் பேச விதியில் இடம் இல்லை. "அப்ப நீங்க சொல்லுங்க அண்ணா, நம்ம ஆளுங்க கேப்பாங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

நான் நடத்தினேன். எனக்கு வந்த மொழியில்தான். "வூட்டுக்குப் பின்னால ரெண்டு பேரு நடந்துகினு இருக்கான், சத்தம் கேக்குது, அசையாதீங்க." கடைசி வட்டத்தில் நாங்கள் இருவர், அவர்கள் மூவர். பின்வாங்கி மேட்டுக்குப் போக வழி இருந்தது. நான் போகவில்லை. காலடிச் சத்தத்தை நம்பிச் சுவரோரமே காத்திருந்தேன். இருவரைச் சாய்த்தோம். மூன்றாமவன் எங்களைச் சாய்த்தான். இரண்டாமிடம்.

திரும்பும் வழியில் ராணிக்குப் போன் செய்தேன். ஜெயித்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. "கடைசி வட்டத்துல எங்க நின்னீங்க?" என்றார். சொன்னேன். தோற்றதையும் சொன்னேன். "நானா இருந்தா மேட்டுக்குப் போயிருப்பேன். ஆனா அங்க போயிருந்தா மூணு பேரும் நம்மளைப் பார்த்திருப்பாங்க. நீங்க நின்னதுதான் சரி அண்ணா. தோத்ததால தப்பாயிடாது."

அதுதான் ஆட்டத்தைப் பற்றி நாங்கள் நெடுநேரம் பேசிய கடைசி முறை. பங்குனியில் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் தொற்று என்றார்கள். ஒரு வாரம்.

காரியம் முடிந்த பிறகு சிவகுமார் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடியதில்லை. ராணியின் போனைக் காட்டி, "இது என்னன்னு பாருங்க வேலு, எனக்குப் புரியல" என்றார். அனுப்பாத ஒரு கடிதம். அதே நிறுவனத்துக்கு, அதே துப்பாக்கியைப் பற்றி. இந்தத் தடவை புகார் நேர்மாறானது. பலத்தைத் தேவைக்கு மேல் குறைத்துவிட்டீர்கள், இப்போது இதை எடுப்பவர் யாருமில்லை, கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால்தான் நியாயம் என்று. கீழே, ஆதாரப் பதிவு வைக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் தமிழில் தனக்காக எழுதி வைத்திருந்தார்: "வேலு அண்ணாவைக் கேட்க வேண்டும்."

சாரிடம் விளக்கிச் சொன்னேன். பலம் குறைந்த அந்தத் துப்பாக்கியோடு முதல் சண்டையிலேயே நான் விழுந்த ஆட்டத்தின் பதிவை நானே சேர்த்தேன். அவர் பெயரிலேயே அனுப்பினோம். பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது எது என்று ஜோசப் கேட்டான். இப்போது எழுதும்போது தெரிகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும்போது, உத்தரவு சொல்வதற்கு முன் ராணி ஒரு மூச்சளவு நேரம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளியில்தான் அவர் எங்கள் எல்லோருக்காகவும் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் ஆடியபோது, "என்னண்ணே செய்யறது, சொல்லுங்க, சொல்லுங்க" என்று ஜோசப் பதறினான். நான் ஒரு மூச்சு பொறுத்தேன். பிறகு சொன்னேன்.