ஆடி மாதத்துக்குப் பத்திரம் இல்லை

பல் தேய்த்துக்கொண்டு பால்கனியில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. ஆடி முதல் தேதி. மூடுபனியில் ஏரி இல்லை, எதிர்க் கட்டடம் இல்லை, கீழே ஏற்காடு கடைவீதியே இல்லை. எங்கள் ஃபிளாட் மட்டும் வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருந்தது. இன்றிலிருந்து ஒரு மாதத்துக்குக் காகிதப்படி இந்த வீடு எங்களுடையதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்போதே தோன்றியது: ஆடியையும் சேர்த்தே எழுதிவிட்டால் என்ன?

வாயில் நுரையோடு ஓடினேன். தையல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "மொதல்ல வாயக் கழுவிட்டு வா சாமி, அப்பறம் பேசு."

நாங்கள் லீசுக்கு இருக்கிறோம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். பத்திரம் பதினொரு மாதத்துக்கு மட்டும். ஒரு வருடம் என்று எழுதினால் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போக வேண்டும், யாருக்கு அந்த அலைச்சல்! முதல் பத்திரம் ஆவணி பிறந்த அன்று எழுதியது. பதினொரு மாதம் ஆனியோடு முடியும். ஆடியில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆகவே மறுபடி ஆவணி. ஏழு வருடமாக ஒவ்வோர் ஆடியும் பத்திரத்துக்கு வெளியே நழுவிப் போயிருக்கிறது. சேலத்தில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவும் என் அம்மாவும் போனில் "ஆவணி பொறக்கட்டுமுங்க" என்று சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான். எனக்கும் அந்த மாதம் பிடிக்கும். பனி உள்ளே வந்து துணிகளுக்கு நடுவே உட்காரும். யாருக்கும் சொந்தமில்லாத வீட்டில் தூங்கி எழுவதுபோல் இருக்கும்.

இந்த வருடம் ஆடிப்பெருக்குக் கூட்டம் இறங்கிய மறுநாள், வீட்டுக்கார அம்மாவின் மகன் டேப்போடு வந்தார்.

"ஏனுங்க அக்கா, சன்னல் அளவு எடுத்துக்கறேனுங்க."

"எதுக்கு தம்பி? ஸ்கிரீன் துணின்னா நானே தெச்சுத் தர்றேன்."

"இல்லீங்க, டூரிஸ்ட்டுக்கு விடற மாதிரி ஹோம்ஸ்டே போடலாம்னு. பத்திரந்தான் ஆனியோட முடிஞ்சிருச்சுங்களே."

"அது வருசா வருசம் முடியறதுதான தம்பி?"

"இந்த வருசம் எழுத வேண்டாம்னு பாக்கறேனுங்க. ஆவணில காலி பண்ணுனாப் போதும். ஆடில போகச் சொல்ல நானென்ன மனுசனில்லீங்களா?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஆடில எழுதவும் கூடாது, ஆடில போகவும் கூடாது. அளவெடுக்க மட்டும் ஆகுமுங்களா?"

"உங்க புள்ள வக்கீலுக்குப் படிக்குதுங்களா அக்கா?"

"அது எல்லாத்துக்குந்தான் படிக்குது" என்றார் அம்மா, என் முழங்கையைக் கிள்ளியபடி.

அவர் போனபிறகு அம்மா மிஷினை ஓட்டவில்லை. சக்கரத்தின்மேல் கை கிடந்தது. இங்குள்ள பள்ளி ஹாஸ்டல் பிள்ளைகளின் யூனிபார்ம் அளவுகள் அவர் நோட்டில் இருக்கின்றன. யார் எந்த வருடம் எத்தனை அங்குலம் வளர்ந்தார்கள் என்பதுவரை. சீசன் ஊரில் இன்னொரு லீசு வீடு கிடைக்காது. சேலத்துக்கு இறங்கினால் அந்த நோட்டு வெறும் எண்கள். ஜன்னலில் பனி அசையாமல் நின்றது. நாங்கள் இருவரும் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஏதோ வேறு யாருடைய கனவுக்குள்ளோ இருப்பதுபோல.

மாலையில் வீட்டுக்கார அம்மாவுக்கே போன் போட்டேன். ஃபிளாட் அவர் பேரில்தான் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ரிஜிஸ்டர் செய்யும்படி ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன் என்றேன்.

"ரிஜிஸ்டர் பண்ணிப்புட்டா நீங்க எந்திரிக்கவே மாட்டீங்கன்னு பையன் பயப்படறான் கண்ணு."

"முடியற தேதியே போட்டிருக்கேனுங்க. ஆவணி ஒண்ணுல ஆரம்பிச்சு முழுசா மூணு வருசம்."

அந்தப் பக்கம் அவர் மாதங்களை முணுமுணுத்தார். விரல்விட்டு எண்ணியிருப்பார். "அப்ப ஆடிக் கடைசில முடியுது. ஆடில எப்புடிக் கண்ணு ஊடு காலி பண்ணுவீங்க?"

எனக்கு முகம் சுட்டது. ஆடியைப் பிடித்து உள்ளே போட்ட பெருமையில் அது எங்கே போய் நிற்கிறதென்று பார்க்கவில்லை. ஐந்து மாதம் கூட்டினால் மார்கழியில் முடிகிறது, அதுவும் ஆகாது. ஆறு மாதம் கூட்டினால் தைக் கடைசி. "மூணரை வருசமுங்கம்மா" என்றேன் அவசரமாக.

அவர் சிரித்துவிட்டார். "நொம்ப வெவரந்தான் நீ. எடுத்துட்டு வா, பாக்கலாம். கையெழுத்து ஆவணிலதான். பையங்கிட்ட நான் பேச மாட்டேன், நீயே பேசிக்க."

எங்கள் தலைக்கு மேலே மொட்டை மாடியில் அவர்களுக்கு ஓர் அறை உண்டு. பழைய கட்டில்களோடு பூட்டிக் கிடக்கிறது. ஏரி முழுவதும் தெரிவது அங்கிருந்துதான். நாளை முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் சேலம் இறங்குகிறோம். பத்திரத்தை எடுப்பதற்கு முன் அந்த மகனிடம் அறையைப் பற்றிச் சொல்லப்போகிறேன்: ஹோம்ஸ்டேயை அங்கே தொடங்குங்கள், சுத்தம் செய்வது, படம் எடுத்து இணையத்தில் போடுவது, வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது எல்லாம் என் வேலை. திரைகள் அம்மா தைப்பார். அந்த மகன் சரி என்று தலையாட்டினால் மட்டும் மூன்றரை வருடத்தை மேசையில் வைப்பேன்.