இடப்பக்கம் திரும்பிய முகம்

போன ஆண்டு பள்ளி விடுமுறையின்போது, மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் இன்னும் படபடப்பாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடக்க முடியாது, பேச்சு வராது. கையும் கழுத்தும் அவள் பேச்சைக் கேட்காது. திடீரென்று இறுகும், இழுக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்த நான், அவள் பிறந்த மறு வருடமே வேலையை விட்டுவிட்டேன். கணவர் சிம்பாங் பூலாயில் கல் குவாரி லாரி ஓட்டுகிறார்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னார்.

"நம்ம வேலையிடத்து அண்ணே இருக்காருல்ல, அவரு தங்கச்சி மக ஒரு படத்துல நடிக்கப் போகுதாம். நம்ம பிள்ள மாதிரி ஒரு பிள்ளைய வளக்கிற குடும்பத்துக் கதை. அந்தப் பிள்ளையாவே இதுதான் நடிக்குது. ஒரு வாரம் வந்து பாத்துப் பழகிக்கிறேன்னு கேக்குது."

"பாத்துப் பழக நம்ம வீடு என்ன மிருகக்காட்சிசாலையா?"

"சும்மா வந்து உக்காந்துட்டுப் போகப் போகுதுலா. நான் சரின்னு சொல்லிட்டேன்."

எனக்குத் திக்கென்றது. காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஈப்போவில் ஒரு கோயிலில், யாரோ ஒரு பெண்மணி என் மகளின் கன்னத்தைத் தடவி அன்பாகப் பேசினார். மறுநாள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுக்களில் என் மகள் வாய் ஒழுகச் சிரிக்கும் காணொளி சுற்றியது. பின்னால் சோகப் பாட்டு வேறு. முன்ஜென்மப் பாவம் என்று கீழே எழுதியவர்களில் எங்களைத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

அன்று மூடிய ஜன்னல் திரையை நான் பிறகு திறக்கவே இல்லை. காலையில் குளிப்பாட்டிப் பவுடர் போட்டதும் மகளின் கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டையும் பெரிதாக்கினேன். இவ்வளவு பெரிய பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களின் கண்ணும் கண்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெண் முதல் நாள் காலைப் பசியாறும் நேரத்துக்கே வந்துவிட்டாள். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் சுடச்சுடக் கறிபாப் பலகாரப் பொட்டலம். நான் வாசலிலேயே ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினேன்.

"ஹேன்போனை இதுல போடும்மா. போறப்ப எடுத்துக்கலாம்."

"சரிக்கா" என்று மறுபேச்சில்லாமல் போட்டாள். மறுபேச்சில்லாமல் போட்டதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இன்னொரு போன் வைத்திருப்பாளோ? அவள் கழிவறைக்குப் போனபோது பையைத் திறந்து பார்த்தேன். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகமும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. கறிபாப்பை மகளுக்குக் கொடுக்கவில்லை. அவள் போனதும் குப்பையில் போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேலி வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இப்பல்லாம் சட்டைப் பட்டன்லயே கேமரா வச்சிருக்கானுங்க, தெரியுமா உனக்கு?"

மறுநாள் அவள் பட்டனே இல்லாத டீ-சட்டையில் வந்தாள். நேற்று நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்குமோ என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

அவள் அதிகம் பேசவில்லை. மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் சோறு ஊட்டுவது, பொட்டு வைப்பது, தூக்கிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் பார்த்து நோட்டில் ஏதோ குறிப்பாள். மூன்றாம் நாள் அதையும் எட்டிப் பார்த்தேன். நேரமும், பக்கத்தில் அம்புக்குறிகளும். இடது, வலது, வலது, வலது. ஒன்றும் விளங்கவில்லை. மருந்து கம்பெனிக்கு வேவு பார்க்க வந்தவளோ என்றுகூட யோசித்தேன். என் புத்தி அப்படித்தான் போயிற்று.

நான்காம் நாள் காலை. அடுப்பில் குழம்பு பொங்குகிறது என்று சமையலறைக்கு ஓடினேன். திரும்பி வந்தால், தரையில் உட்கார்ந்திருந்த அவள் விரல்களை மடக்கி, வாயைக் கோணி, கழுத்தை முறுக்கி, என் மகளைப் போலவே செய்துகொண்டிருக்கிறாள். மகள் அவளையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற? என் பிள்ளைய அவ முன்னாடியே கேலி பண்றியா?"

கையில் கரண்டி இருந்தது. அதை ஓங்கியே விட்டேன். நல்லவேளை, அடிக்கவில்லை.

அவள் பதறி எழுந்தாள். "இல்லக்கா, சத்தியமா கேலி இல்லக்கா. செஞ்சு பாத்தாத்தான் எனக்குப் புரியும்."

"வெளிய போ முதல்ல. நடிச்சுக் கிழிச்சது போதும்."

பிஸ்கட் டின்னிலிருந்து போனை எடுத்து அவள் கையில் திணித்தேன். அழுதுகொண்டே செருப்பை மாட்டியவள், வாசலில் நின்றாள்.

"ஒன்னு சொல்லிட்டுப் போயிடுறேன்க்கா. இழுப்பு வந்தா பாப்பாவுக்குக் கழுத்து எப்பவும் வலது பக்கம்தான் போகுது. நீங்க கன்னத்துல பொட்டு வைக்கறப்ப மட்டும்தான் இடது பக்கம் போகுது. நாலு நாளும் பாத்துட்டேன். இப்ப செஞ்சு பாத்தேன். அது தானா போறது இல்லக்கா, கஷ்டப்பட்டுத் திருப்பணும். பாப்பா பொட்டு வேணாங்குது. நீங்க மோவாயப் புடிச்சு நிமித்திடுறீங்க."

"பதிமூணு வருசமா பெத்து வளக்கிற எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா?" என்று கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலை மகளைக் குளிப்பாட்டினேன். பவுடர் போட்டேன், முகம் அசையவில்லை. மையைத் தொட்டு விரலைக் கொண்டு போனேன். முகம் மெதுவாக, நடுங்கி நடுங்கி, இடப்பக்கம் திரும்பியது. கையைத் துடைத்துவிட்டு வெறும் விரலை நீட்டினேன்; திரும்பவில்லை. மறுபடி மை. மறுபடி இடப்பக்கம்.

"பொட்டு வேணாமாடா?" என்று கேட்டேன். அவள் முகத்தைச் சிரமப்பட்டுத் திருப்பி என்னை நேராகப் பார்த்தாள்.

அப்போதும் நான் நம்பவில்லை. நான் சமையலறையில் இருந்தபோது அந்தப் பெண்தான் ஏதோ சொல்லிக் கொடுத்துவிட்டாள் என்று கணவரிடம் சண்டை போட்டேன். அவர் தன் போனில் பழைய காணொளிகளைத் தேடினார். மகளின் நான்காவது பிறந்தநாளன்று எடுத்தது ஒன்று அகப்பட்டது. அதில் நான் பொட்டு வைக்கப் போகிறேன். குழந்தை இடப்பக்கம் திரும்புகிறாள். "ஆடாம இருடி தங்கம்" என்று என் குரல் கொஞ்சுகிறது. என் கை அவள் மோவாயைப் பிடித்துத் திருப்புகிறது. அவள் மறுபடியும் திரும்புகிறாள். மறுபடியும் என் கை.

அவர் போனை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் மைச்சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எத்தனை காலைகள் என்று கணக்குப் பார்க்கவும் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்ய முடிந்தது. மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, விடுங்கக்கா. நான் உங்கள்ட்ட கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்" என்றாள்.

"என்கிட்ட இல்லம்மா, அவகிட்ட" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாக இருந்தது. பிறகு போனை அணைக்காமலே மகளிடம் கேட்டேன். "பாப்பா, நீ தலையத் திருப்புற மாதிரி அந்த அக்கா படத்துல செய்யலாமா?"

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அவள் சரி என்று சொல்ல வேண்டும் போலிருந்தது; அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடனுக்கு அதுவாவது செய்யலாமே என்று. ஆனால் முகம் நடுங்கிக்கொண்டே இடப்பக்கம் போனது.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விழுங்கி விழுங்கிச் சொன்னேன்.

"சரிக்கா. அது பாப்பாவோடது. நான் எடுத்துக்க மாட்டேன்."

சித்தியவான் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்து மிச்சமிருந்த லயத்து வீடுகளில் படம் எடுத்தார்கள். இந்த வருடம் ஈப்போவில் திரையிட்டார்கள். மகளைக் கூப்பிட்டேன், முகத்தை இடப்பக்கம் திருப்பிவிட்டாள். அவளை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

உண்மையைச் சொன்னால், நான் கதையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கு கொடுப்பது வேறு, கேமரா முன்னால் நிற்பது வேறு. நல்ல காட்சி வந்தால் விடுவாளா? படத்தில் வரும் அம்மா அவளுக்கு வேண்டாத உணவை வலுக்கட்டாயமாக ஊட்டும் காட்சி வந்தது. இதோ திரும்பப் போகிறாள் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதட்டை இறுக்கினாள், கண்ணை மூடினாள், அழுதாள். முகத்தை மட்டும் திருப்பவே இல்லை. கடைசிவரை திருப்பவில்லை. சுற்றி இருந்தவர்கள் படத்துக்காக அழுதார்கள். நான் எதற்கு அழுதேன் என்று பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்திருக்காது.

என் சந்தேக குணம் இன்னும் போகவில்லை. யாராவது போனை உயர்த்தினால் இன்றைக்கும் நாற்காலியைத் திருப்பிவிடுகிறேன். ஆனால் இப்போது சோறு ஊட்டும் முன், சட்டை மாட்டும் முன், தூக்கும் முன் மகளிடம் கேட்டுவிட்டு, எவ்வளவு நேரமானாலும் அவள் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். அப்படி நிற்கும்போதெல்லாம், அந்தப் பதின்மூன்று வருடத்தில் அவள் இன்னும் எதற்கெல்லாம் பதில் சொல்லி நான் கவனிக்காமல் போனேனோ என்று பயமாக இருக்கிறது.