பந்தி மாலாவும் நாலு கம்ப்யூட்டரும்

சங்கரன்கோவிலில் கல்யாண வீடியோ எடுக்காத தெரு கிடையாது. அதில் தன் மூஞ்சி சரியாக விழவில்லை என்று சண்டை பிடிக்காத வீடும் கிடையாது. அந்தச் சண்டைகளில் பாதி ராஜதுரை அண்ணாச்சியின் ஸ்டூடியோ மாடிப்படியில்தான் நடக்கும். மாடியில் நாலு கம்ப்யூட்டர்கள். மூன்று அண்ணாச்சியுடையவை, மூன்றுக்கும் மூச்சிரைப்பு. நாலாவது மாலாவுடையது.

மாலாவின் புருஷன் லிங்கேஷ் அந்த ஸ்டூடியோவில் எடிட்டராக இருந்தவன். ராஜபாளையம் ரோட்டில் ஒரு லாரி அவனைச் சாய்த்துவிட்டது. பதினாறு முடிந்ததும் அண்ணாச்சி துக்கம் விசாரிக்க வந்தார். வாய் விசாரித்தது, கண் மூலையிலிருந்த கம்ப்யூட்டர் மேல் இருந்தது. மாலாவின் வளையல்களை விற்று லிங்கேஷ் வாங்கிய பெட்டி அது. அந்த வட்டாரத்தில் அதன் வேகத்துக்கு ஈடு கிடையாது.

"எனக்கும் வெட்டி ஒட்டத் தெரியும் அண்ணாச்சி. அவியதான் சொல்லிக் குடுத்தாவ. பொட்டியோட நானும் வாரேன்" என்றாள் மாலா.

பெட்டியோடு ஆளும் வரும் என்று அண்ணாச்சி எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பெட்டி வருகிறதே. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: முகூர்த்தக் காட்சியில் அவள் கை படக்கூடாது.

"எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது, பாத்துக்கோ. பார்ட்டிகளுக்கு இருக்கு. நாம யாவாரம்லா பண்ணுதோம்."

ஆகவே தாலி, மாலை, மெட்டி எல்லாம் இன்னொரு எடிட்டரான காளிராஜ் பங்கு. பந்தி மட்டும் மாலா பங்கு. ஊரார் மென்று விழுங்குவதை வெட்டி ஒட்டியே அவளுக்குப் பந்தி மாலா என்று பெயர் வந்துவிட்டது. காளிராஜின் பெண்டாட்டியோ அடிக்கொரு தரம் இளையரசனேந்தலில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போவாள். பெரியவர்கள் கூட்டிவந்து விடுவார்கள். கடைசித் தடவை மண்டையில் தையலோடு போனவள் திரும்பவில்லை. இருந்தாலும் அவன் கை மங்களமான கை. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

இதற்கிடையில் ஊரில் புது மோஸ்தர் வந்தது. காலையில் கட்டிய தாலியைச் சாயங்கால ரிசப்ஷனில் பெரிய திரையில் காட்ட வேண்டும். வெட்டி ஒட்டியதை ஒரே படமாக வார்த்தெடுப்பதற்கு ரெண்டர் என்று பெயர். ஒற்றைக் கம்ப்யூட்டர் அதைச் செய்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை மறுவீடு போய்விடுவான். காளிராஜ் நாலு கம்ப்யூட்டரையும் கேபிளில் கோத்தான். படம் துண்டு துண்டாகப் போகும். கையிலிருப்பதை முடித்த பெட்டிக்கு அடுத்த துண்டு கிடைக்கும்.

கேபிளுக்கு ஊர் வழக்கம் தெரியாது. வேகமான பெட்டிக்கே துண்டுகள் ஓடின. இரண்டு வருஷமாக அந்த ஸ்டூடியோ எடுத்த தாலிகளில் பெரும்பாலானவை மாலாவின் காலடியில்தான் வெந்து வந்தன. காளிராஜுக்கும் அது தெரியும். பாயசம் உறிஞ்சும் வாய்களை வெட்டிக்கொண்டிருக்கும்போது பெட்டியின் விசிறி திடீரென்று இரைந்தால், மாலா சில சமயம் தனக்குள் சிரித்துக்கொள்வாள். அந்தத் தம்பதிகளுக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை. மற்றவர்களைப் போலவே அடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஆவணி முகூர்த்தத்தில் மாரிச்செல்வம் என்று ஒரு விசைத்தறிக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளையின் அத்தை அன்னக்கிளி மத்தியானமே ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டாள். தான் மாப்பிள்ளைக்குப் போட்ட சங்கிலி படத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். தெரிந்தது. திருப்தியாகக் கிளம்பியிருக்கலாம். அவள் கண் பக்கத்துத் திரைக்குப் போயிற்று. எந்தத் துண்டு எந்தப் பெட்டியில் வேகிறது என்று அதில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்கு அதில் உட்காரும் ஆட்களின் பெயரையே வைத்திருந்தான் காளிராஜ்.

"தம்பி, தாலி கட்டுக்கு நேரா மாலான்னு போட்டுருக்கே. யாரு அது?"

காளிராஜ் தாடையால் காட்டினான்.

அன்னக்கிளி உற்றுப் பார்த்தாள். "இது லிங்கேஷ் பொண்டாட்டில்லா? எம்மவ கல்யாணத்துக்கு அந்தப் பையன்தான வீடியோ எடுத்தான்." குரல் இறங்கிற்று. "அண்ணாச்சி, எங்க வீட்டுத் தாலிய இவகிட்டயா குடுத்தீய?"

"மதினி, அவ பந்திதான் பாக்கா. பொட்டிதான் தாலிய..."

"பொட்டி யாருது?"

அண்ணாச்சியின் மூளை யாவாரத்தில் பழுத்தது. "ஏலே காளி, அந்தப் பொட்டிக்குப் பேர மாத்து. சுகிர்தான்னு போடு" என்றார். சுகிர்தா அவருடைய சம்சாரம். கழுத்தில் தாலி இருந்தது, புருஷனும் எதிரிலேயே இருந்தார். பெயரை மாற்றினால் பெட்டியை அணைத்துப் போட வேண்டும். போட்டார்கள். பாதி வெந்திருந்த தாலி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மனுஷிக்குக் கிடைக்காத மறுவாழ்வு பெட்டிக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

அன்னக்கிளி நாற்காலியைக் காட்டினாள். "பேர மாத்திட்டிய. ஆளு அங்கனயேல்லா இருக்கு."

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "மாலா, நீ ஒண்ணு செய். வீட்டுக்குப் போ. இனிமே முகூர்த்த சீசன் முடியவும் வந்தாப் போதும். பொட்டி இங்கனயே கெடக்கட்டும்."

"என் சீட்டுல யாரு?"

"காளி பாத்துக்கிடுவான்."

மாலா எழுந்தாள். குனிந்து மின் வயரைப் பிடுங்கினாள்; பிறகு கேபிளை. சுகிர்தா அணைந்து போனாள்.

"யக்கா, தாலி போயிரும்" என்றான் காளிராஜ்.

"எனக்கு எப்பவோ போயாச்சிலே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். குறுக்கே போனால் மேலே பட்டுவிடும் என்று அன்னக்கிளி சேலையை ஒதுக்கி வழிவிட்டாள்.

மூச்சிரைக்கும் மூன்று பெட்டிகளும் தங்களால் ஆனதைச் செய்தன. ரிசப்ஷன் தொடங்கிவிட்டது, மண்டபத்திலிருந்து போன் மேல் போன். காளிராஜ் வெந்த துண்டுகளை மட்டும் ஒட்டிக் கொடுத்தான். சொந்தபந்தமெல்லாம் பார்த்திருக்க, திரையில் ஐயர் தாலியை எடுத்து நீட்டினார், மாப்பிள்ளை கையை நீட்டினான், அடுத்த நொடியில் ஒரு பெரிய மனுஷன் சாம்பார் வாளியைப் பார்த்து வாயைப் பிளந்தார். தாலியே இல்லை. பெண்ணின் தாய் அழ ஆரம்பித்தாள்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தான" என்ற அன்னக்கிளியின் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. பெயரை மாற்றச் சொன்னது யார், ஆளை எழுப்பச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நிரூபணம்தான் திரையில் ஓடிவிட்டதே. "எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா நடந்துட்டுல்லா வே" என்று அண்ணாச்சி பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஊரிலிருந்த மற்ற ஸ்டூடியோக்களில் மாலா வேலை கேட்டுப் போனபோது, அவளுக்கு முன்பே அந்தப் பேச்சு படியேறிப் போயிருந்தது.

அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காளிராஜ் அவள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான்.

"அண்ணாச்சி சொல்லி விட்டாவ. பொட்டிய வாங்கிட்டு வரச் சொன்னாவ. வாடகை தாராவளாம்."

"ஏன்லே, தோஷம் ஒட்டிக்கிடாதா?"

"பொட்டிக்குத் தோஷம் ஒண்ணும் இல்லக்கா. ஜோசியர்ட்ட கேட்டாச்சு. எலுமிச்சம்பழம் சுத்தி வச்சுட்டா சரியாப் போயிருமாம்."

"எனக்கு?"

காளிராஜ் தலையைச் சொறிந்தான்.

"உங்களப் பத்திக் கேக்கலயேக்கா" என்றான்.